போரி ஆற்றுப் பாலமும் மூசி ஆற்றுப் பாலமும்

(ஜவளகிரியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று காலை இந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஓசூருக்குக் கம்பெனி பஸ் ஏறப் போன ஒரு வாலிபத் தோழர் என்னைக் கண்டதும் நின்று ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, தெலங்கானாவில் விவசாயிகள் போராடினார்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறீர்கள். கடைசியில் நிஜாமை இறக்கியது ராணுவத்தின் டாங்கிதானே? டாங்கி வராவிட்டால் அவன் போயிருப்பானா?"

பஸ் வந்துவிட்டது, அவர் போய்விட்டார். நான் டீயை ஆறவிட்டு யோசித்துக்கொண்டே இருந்தேன். இந்த மேடையில் வேறு விஷயம் பேசுவதாகத்தான் வந்தேன். அதை விட்டுவிட்டு அந்தத் தோழருக்குப் பதில் சொல்லப் போகிறேன். அவர் கேட்டதில் தப்பில்லை. நாட்டில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

வருஷாவருஷம் செப்டம்பர் 17 வந்தால் என்ன நடக்கிறது? பக்கத்துக் கர்நாடகத்தின் வட ஜில்லாக்களில் கொடி ஏற்றுகிறார்கள். மராத்வாடாவில் ஏற்றுகிறார்கள். மத்திய சர்க்கார் 2022 முதல் ஹைதராபாத் விடுதலை நாள் என்று விழா எடுக்கிறது. தெலங்கானாவில் ஆட்சி மாறினால் அந்த நாளுக்குப் பெயரும் மாறுகிறது. ஆனால் எல்லா விழாவிலும் காட்டுகிற படம் ஒன்றுதான். டாங்கி போகிறது, நிஜாம் விமான நிலையத்தில் சர்தார் படேலைப் பார்த்துக் கை கூப்புகிறான். படம் முடிந்தது, ஜனங்கள் வீட்டுக்குப் போகலாம்! அந்தப் படத்தில் கலப்பை பிடித்தவன் ஒருவனும் இல்லை, களை பறித்தவள் ஒருத்தியும் இல்லை.

முதலில் நிஜாம் யார் என்று பார்ப்போம். மீர் உஸ்மான் அலி கான், ஏழாவது நிஜாம். 1937-ல் அமெரிக்காவின் டைம் பத்திரிகை அவன் முகத்தை அட்டையில் போட்டு உலகத்திலேயே பெரிய பணக்காரன் என்று எழுதிற்று. ஜேக்கப் வைரம் என்று ஒரு வைரம். அதைக் காகிதம் பறக்காமலிருக்கக் கல்லாக வைத்திருந்தானாம்! அவன் ராஜ்யத்தில் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். தெலுங்கு, மராத்தி, கன்னடம், உருது என்று நான்கு பாஷை. நம் ஜவளகிரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயும் ஒரே டீக்கடையில் மூன்று பாஷை கேட்கிறதே!

அந்த நிலமெல்லாம் யாரிடம் இருந்தது? பத்தில் ஒரு பங்கு நிஜாமின் சொந்தச் சொத்து. பத்தில் மூன்று பங்கு ஜாகீர்தார்களிடம். மிச்சம் சர்க்கார் நிலம் என்று பெயர். அங்கே வரி வசூல் செய்ய வந்த தேஷ்முக்குகள் கணக்குப் புத்தகத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக விழுங்கிவிட்டார்கள். விஸ்னூர் தேஷ்முக் ராமச்சந்திர ரெட்டிக்கு 40 ஆயிரம் ஏக்கர். ஜன்னாரெட்டி பிரதாப ரெட்டிக்கு ஒன்றரை லட்சம் ஏக்கர் என்று சுந்தரய்யா எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில் பாகலூர், சூளகிரிப் பாளையப்பட்டுகளும் சேலம் ஜில்லா மிட்டாதார்களும் எத்தனை பெரிய ஆட்கள் என்று உங்கள் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த மிட்டாதார்கள் பத்துப் பேரைக் கூட்டினாலும் ஒரு பிரதாப ரெட்டியின் வரப்பில் நிற்க முடியாது.

அங்கே 'வெட்டி' என்று ஒரு வழக்கம். அந்தச் சொல் நமக்கும் தெரிந்ததுதான். இன்றைக்கு வேலையில்லாமல் திரிபவனை 'வெட்டி' என்கிறோம். பழைய காலத்தில் அதற்கு அர்த்தம் கூலியில்லா வேலை. தெலங்கானாவில் அதே அர்த்தம்தான். வண்ணான் துணி வெளுக்க வேண்டும், குயவன் பானை கொடுக்க வேண்டும், சக்கிலியர் செருப்பும் கமலைத் தோலும் கொடுக்க வேண்டும், கள் இறக்குபவன் கள் கொடுக்க வேண்டும், எல்லாம் இனாம். அதிகாரி வந்தால் குடியானவன் தன் மாட்டையும் வண்டியையும் பூட்டிக்கொண்டு போக வேண்டும். தேஷ்முக்கின் மகளுக்குக் கல்யாணம் என்றால் ஊரிலிருந்து ஒரு பெண்ணை அடிமையாகக் கூட அனுப்ப வேண்டும். தாய்மார்களே, அந்தப் பெண்ணின் கதி என்னவாகியிருக்கும் என்று நான் மேடையில் சொல்ல வேண்டியதில்லை.

இதை எதிர்த்துத்தான் சங்கம் வந்தது. ஆந்திர மகாசபை என்று பெயர்; கிராமத்து ஜனங்களுக்கு அது வெறும் 'சங்கம்'. பாலகுர்த்தி ஊரில் ஐலம்மா என்று ஒரு அம்மாள், வண்ணார் குலம். குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்தாள். விளைந்த கதிரை அள்ளிக்கொண்டு போக விஸ்னூர் தேஷ்முக் ஆட்களை அனுப்பினான். சங்கத்துத் தோழர்கள் அந்தக் கதிரை அறுத்து அவள் வீட்டிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வழக்குப் போட்டான், அடித்தான், வீட்டை எரித்தான். அந்த அம்மாள் நிலத்தை விடவில்லை.

1946 ஜூலை 4-ந் தேதி கடவெண்டி கிராமத்தில் சங்கத்து ஊர்வலம். தேஷ்முக்கின் 'கடி'யிலிருந்து, அதாவது கோட்டை மாதிரிக் கட்டிய வீட்டிலிருந்து, குண்டர்கள் சுட்டார்கள். தொட்டி கொமரய்யா விழுந்தார். நம் பக்கத்துக் குரும்பர்களைப்போல் ஆடு மேய்க்கிற குரும சாதியில் பிறந்த வாலிபன். அந்தப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஜனங்கள் எழுந்தார்கள். தடி, கவண்கல், உலக்கை, மிளகாய்ப் பொடி. இவைதான் ஆயுதம். யுத்தம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது, தோழர்களே! நம் வாலிபத் தோழர் கேட்கிற டாங்கி வருவதற்கு இன்னும் இரண்டு வருஷம், இரண்டு மாதம் இருக்கிறது.

அந்த இரண்டு வருஷத்தில் என்ன நடந்தது? நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. நிஜாம் சேர மாட்டேன் என்றான். 1947 நவம்பர் 29-ந் தேதி டில்லி சர்க்கார் அவனோடு ஒரு வருஷத்துக்கு 'உள்ளபடியே இருக்கட்டும்' என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. உள்ளபடியே என்றால் என்ன? தேஷ்முக் கடியில், குடியானவன் வெட்டியில்! லாத்தூர் வக்கீல் காசிம் ரஸ்வி ரஜாக்கர் படை திரட்டினான். சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி கராச்சியிலிருந்து இரவோடிரவாக நிஜாமுக்கு ஆயுதம் இறக்கினான். ரஜாக்கர்கள் கிராமங்களைக் கொளுத்தினார்கள். 1948 ஆகஸ்ட் கடைசியில் பைரான்பள்ளி என்ற கிராமத்தில் ஒரே நாளில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அந்தக் கிராமம் பழைய கோட்டைப் புருசில் ஏறி நின்று பல தடவை ரஜாக்கர்களை விரட்டியடித்த கிராமம். டில்லியின் டாங்கிகள் அன்றும் எல்லைக்கு அப்பால்தான் நின்றுகொண்டிருந்தன.

இதற்கிடையில் நல்கொண்டா, வாரங்கல், கம்மம் பக்கத்தில் சுமார் 3,000 கிராமங்களில் சங்கமே சர்க்கார் ஆகிவிட்டது. 30 லட்சம் ஜனங்கள். தேஷ்முக்குகள் கடியைப் பூட்டிக்கொண்டு பட்டணத்துக்கு ஓடிவிட்டார்கள். கிராமக் கமிட்டி உட்கார்ந்து நிலத்தை அளந்தது. முதலில் 500 ஏக்கருக்கு மேல் உள்ளதை எடுப்பது என்றார்கள். பிறகு 200. கடைசியில் புஞ்சை 100, நஞ்சை 10 என்று உச்சவரம்பு வைத்தார்கள். 10 லட்சம் ஏக்கர் பங்கு போடப்பட்டது. இவையெல்லாம் அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய சுந்தரய்யா எழுதிவைத்த கணக்கு. வெட்டி ஒழிந்தது. விவசாயக் கூலி உயர்ந்தது. இந்தக் கணக்கை எழுதிய பேனாவின் மையும் காய்வதற்குள் டில்லியில் சில பேருக்குத் தூக்கம் போய்விட்டது. நிஜாமின் மீது கோபம் இருந்தது, இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஹைதராபாத் சிவந்துபோய்விடுமோ என்ற பயமும் கூடவே இருந்தது.

இனி டாங்கிக்கு வருவோம்.

1948 செப்டம்பர் 13, திங்கட்கிழமை, விடியற்காலை 4 மணி. மேற்கே ஷோலாப்பூரிலிருந்து மேஜர் ஜெனரல் ஜே. என். சௌத்ரி தலைமையில் முதலாவது கவசப் படை டிவிஷன் புறப்பட்டது. கிழக்கே பெஜவாடாவிலிருந்து மேஜர் ஜெனரல் ருத்ரா தலைமையில் இன்னொரு படை. பெஜவாடா அன்றைக்கு நம் சென்னை மாகாணம்தான். சர்க்கார் இதற்கு வைத்த பெயர் 'போலீஸ் நடவடிக்கை'! எந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் டாங்கி டிவிஷன் இருக்கிறது? நம் தேன்கனிக்கோட்டை ஸ்டேஷனில் பார்த்தீர்களா? வெளிநாட்டான் கேட்டால் யுத்தம் என்று சொல்லக்கூடாது, அதற்காக வைத்த பெயர்.

ஷோலாப்பூரிலிருந்து ஹைதராபாத் 186 மைல். வழியில் முதல் முடிச்சு நல்துர்க். அங்கே போரி என்று ஒரு ஆறு. காவிரி மாதிரிப் பெரிய ஆறல்ல. நம் தென்பெண்ணையைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றைக் காவல் காத்தபடி ஒரு பழைய கோட்டை. பீஜப்பூர் சுல்தான் இரண்டாம் இப்ராகிம் அடில்ஷா காலத்தில், 1613-ல், அந்த ஆற்றின் குறுக்கே அணை கட்டி, அணைக்குள்ளேயே மாளிகையும் கட்டினார்கள். மழைக் காலத்தில் தண்ணீர் மாளிகையின் மேலாக விழும், உள்ளே இருப்பவன் நனைய மாட்டான். அத்தனை கெட்டிக்காரக் கொத்தர்கள்! அவர்கள் பெயர் எந்தக் கல்லிலாவது இருக்கிறதோ என்னவோ, சுல்தான் பெயர்தான் நிற்கிறது.

அந்த இடத்தில் பாலம் ஏன் முக்கியம்? உங்களில் மெஷினோடு பழகுகிறவர்கள் இருக்கிறீர்கள், சொன்னால் புரியும். அந்தக் காலத்து ஷெர்மன் டாங்கி 30 டன் கனம். செப்டம்பர் மாதம் மழைக் காலம். அந்தச் சீமை கரிசல் மண். கரிசலில் மழை பெய்தால் மாட்டு வண்டியே அச்சு வரைக்கும் இறங்கிவிடும். அதனால் ராணுவம் ரஸ்தாவை விட்டு இறங்க முடியாது. டாங்கிக்குப் பின்னால் பெட்ரோல் லாரி, குண்டு லாரி, ரொட்டி லாரி. பாலம் உடைந்தால் முன்னால் போன டாங்கி எண்ணெய் இல்லாமல் வெறும் இரும்புப் பெட்டி. அதனால்தான் இருட்டோடு இருட்டாக 7-வது பிரிகேட் பாய்ந்து, நிஜாம் படை பாலத்தைத் தகர்ப்பதற்குள் பிடித்துக்கொண்டது. சீக்கியப் பட்டாளம் நல்துர்க்கில் இருந்த நிஜாம் படையைத் தாக்கியது. காலை 9 மணிக்கு டாங்கிகள் ஜல்கோட்டில். பிற்பகல் 3 மணி தாண்டியதும், 60 கிலோமீட்டர் தாண்டி, உமர்காவில். துல்ஜாப்பூரில் நிஜாம் சிப்பாய்களும் 200 ரஜாக்கர்களும் இரண்டு மணி நேரம் எதிர்த்து நின்றார்கள். அவ்வளவுதான் எதிர்ப்பு.

கிழக்கே கோதாட பிடிபட்டது, சூரியப்பேட்டை பிடிபட்டது. பின்வாங்கின நிஜாம் படை அங்கே மூசி ஆற்றுப் பாலத்தை உடைத்துவிட்டுப் போனது. உடைத்தவர்கள் அக்கரையில் நின்று பாலத்தைக் காத்திருந்தால் ரிப்பேர் செய்ய விட்டிருக்க மாட்டார்கள். யாரும் நிற்கவில்லை. ராணுவம் சீக்கிரமே பாலத்தைச் சரிசெய்து கடந்தது.

ஏன் நிற்கவில்லை? இந்த இடத்தில்தான் நம் வாலிபத் தோழர் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நிஜாமின் ராணுவத்தில் 20 ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் இருந்ததாகக் கணக்கு. நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் 6 ஆயிரம் என்றும் சொல்வார்கள். ரஜாக்கர்கள் லட்சம், இரண்டு லட்சம் என்று பேச்சு. சூரியப்பேட்டை அன்றைக்கு எந்த ஜில்லா? நல்கொண்டா. சங்கத்தின் நெஞ்சுப் பகுதி. அந்த வட்டாரத்தில் இரண்டு வருஷமாக நிஜாம் அதிகாரி ஒருவன் கிராமத்துக்குள் தனியாகப் போய் வரி வாங்க முடியவில்லை. ரோட்டை வெட்டினார்கள், ரஜாக்கர் முகாமைத் தாக்கினார்கள். பின்னால் இருக்கிற கிராமமெல்லாம் பகையாக இருக்கும்போது எந்தச் சிப்பாய் ஆற்றங்கரையில் நின்று சாவான்? செப்டம்பர் 17 மாலை நிஜாம் வானொலியில் சண்டை நிறுத்தம் அறிவித்தான். 18-ந் தேதி அவன் தளபதி எல் எட்ரூஸ் சௌத்ரியிடம் சரணடைந்தான். ஐந்து நாள் கூட முழுசாக ஆகவில்லை.

ஐந்து நாளில் டாங்கி நிஜாமின் ராணுவத்தைக் கலைத்தது. அது உண்மை. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. இரண்டு வருஷத்தில் நிஜாமின் ஆட்சியைக் கிராமம் கிராமமாகக் கலைத்தது யார்? அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுகிறேன். அந்தக் கிழக்குப் பக்கத்தில் ராணுவம் வந்து சேர்ந்தபோது ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள் என்பதும் உண்மை. நம் ராணுவம், நம் கொடி, ரஜாக்கர் தொல்லை ஒழிந்தது என்று மாலை போட்டவர்களும் உண்டு.

இனி, அக்கரையில் டாங்கி என்ன செய்தது? படத்தில் காட்டாத பாகம் இதுதான்.

சௌத்ரி ராணுவ கவர்னர் ஆனார். ரஸ்வியைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். 1957-ல் விடுதலையாகிப் பாகிஸ்தானுக்குப் போனான். சரி. நிஜாமை என்ன செய்தார்கள்? அவன் ஜெயிலுக்குப் போகவில்லை. 1950 ஜனவரி 26-ந் தேதி அவனை ராஜப்பிரமுகர் ஆக்கினார்கள்! அதாவது ராஜ்யத்துக்கு கவர்னர் மாதிரி. 1956 வரை அந்தப் பதவியில் இருந்தான். வருஷத்துக்கு 50 லட்சம் ரூபாய் மான்யம். யாரை இறக்கப் போனோம் என்று சொன்னார்களோ அவனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

ஓடிப்போன தேஷ்முக்குகள் ராணுவ லாரிக்குப் பின்னாலேயே ஊர் திரும்பினார்கள். நேற்று வரை நிஜாமின் ஆள், இன்று தலையில் கதர்த் தொப்பி! பங்கு போட்ட நிலத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். கொடுக்காதவனைப் பட்டாளம் பிடித்தது. மூசி ஆற்றில் ரிப்பேர் செய்த பாலத்தின் மேல் அதற்கப்புறம் போன லாரிகளில் சங்கத்துத் தோழர்களை விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். இந்தப் போராட்டம் முழுவதிலும் செத்தவர்கள் 4,000 பேர் என்றும், மூன்று நான்கு வருஷம் ஜெயிலிலும் தடுப்பு முகாமிலும் கிடந்தவர்கள் 10 ஆயிரம் பேருக்கு மேல் என்றும், போலீஸ், ராணுவ முகாம்களுக்கு இழுத்துச் சென்று சித்திரவதை செய்யப்பட்டவர்கள் 50 ஆயிரத்துக்குக் குறையாது என்றும் சுந்தரய்யா எழுதுகிறார். கோதாவரிக் காட்டில் கோயர்களின் குடிசைகளைக் கொளுத்தி, ஜனங்களை முகாமில் அடைத்தார்கள். அதே வருஷங்களில் மலேயாவில் பிரிட்டிஷ்காரன் கொரில்லாக்களுக்குச் சோறு போகாமல் தடுக்கிறேன் என்று ஜனங்களை முள்வேலிக்குள் அடைத்தான்; அதில் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. அவர்களின் சங்கத் தலைவர் கணபதியை 1949 மே மாதம் கோலாலம்பூரில் தூக்கிலிட்டான். வெள்ளைக்காரன் மலேயாவில் செய்த வித்தை கோதாவரிக் கரைக்கும் வந்தது என்பது நமக்கு வெட்கம்.

இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். அந்த வருஷங்களில் இந்த ஜவளகிரி சேலம் ஜில்லாவில் இருந்தது. 1950 பிப்ரவரி 11-ந் தேதி சேலம் சென்ட்ரல் ஜெயிலுக்குள் கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டார்கள். கதவு பூட்டிய ஜெயிலுக்குள்! 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். மூசிக் கரையில் கேட்ட அதே துப்பாக்கிச் சத்தம்தான் சேலத்திலும் கேட்டது.

இன்னொரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லுகிறேன். டாங்கி போன மேற்கு ரஸ்தாவின் இரண்டு பக்கத்திலும், ராணுவம் போன பிறகு, ஏழை முஸ்லிம்களை வெட்டினார்கள். ரஜாக்கர் செய்த பாவத்துக்குக் குடிசையில் இருந்த நெசவாளியும் கூலிக்காரனும் பலி. பிரதமர் நேருவே பண்டித சுந்தர்லால் தலைமையில் ஒரு குழுவை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். ராஜ்யம் முழுவதும் 27 ஆயிரத்திலிருந்து 40 ஆயிரம் வரை செத்திருக்கலாம் என்று அந்தக் குழு எழுதிற்று. மிக மோசம் உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட் ஜில்லாக்கள். நல்துர்க்கும் உமர்காவும் எந்த ஜில்லா? உஸ்மானாபாத். நல்கொண்டாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் பக்கம் ஒரு குறையும் இல்லை என்று நான் மார்தட்ட மாட்டேன். சில இடங்களில் யூனிபாரம் போட்டவர்களே அதில் கலந்துகொண்டார்கள் என்றும் அந்த அறிக்கை சொல்லுகிறது, காப்பாற்றிய அதிகாரிகளைப் பற்றியும் சொல்லுகிறது. அறுபது வருஷத்துக்கு மேல் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். 2013-ல்தான் ஜனங்கள் பார்வைக்கு வந்தது.

இன்றைக்கு இதை முஸ்லிம் ராஜா, இந்துப் பிரஜை என்று கதை கட்டுகிறார்கள். விஸ்னூர் ராமச்சந்திர ரெட்டி எந்த மதம்? நிஜாமுக்கு வரி அள்ளிக் கொடுத்த தேஷ்முக்குகளில் பெரும்பாலோர் எந்த மதம்? அந்த தேஷ்முக்கை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய், நிலத்துக்காக வெட்டுப்பட்டுச் செத்த பந்தகி ஒரு ஏழை முஸ்லிம். கொமரய்யாவுக்குப் பல வருஷம் முந்திய தியாகி. ஹைதராபாத்தில் தொழிற்சங்கம் கட்டிய கவி மக்தூம் மொஹியுத்தீன் முஸ்லிம். ரஜாக்கர்களைக் கண்டித்து எழுதியதற்காக 1948 ஆகஸ்டில் நடுத்தெருவில் கொல்லப்பட்ட பத்திரிகை ஆசிரியர் ஷோயபுல்லா கான் முஸ்லிம். வெட்டி வாங்கியவனுக்கு மதம் ஒரு முக்காடு.

டாங்கிக்குள் உட்கார்ந்திருந்தவன் யார் என்றும் கேட்பீர்கள். அவனும் குடியானவன் பிள்ளைதான். பஞ்சாபிலும் நேபாள மலையிலும் ராஜஸ்தானத்திலும் நிலம் போதாமல் பட்டாளத்தில் சேர்ந்தவன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. டாங்கியைச் செய்கிறவனும் தொழிலாளிதான். இன்றைக்கு நம் ஆவடியிலேயே செய்கிறார்கள். ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று உத்தரவு போடுகிறவன் வேறு.

நம் கட்சிக்குள்ளேயே அன்று வாதம் நடந்தது. ராணுவம் வந்த பிறகும் துப்பாக்கியோடு நிற்பதா, நிறுத்துவதா? நிஜாம் போனான், இனி நிறுத்துவோம் என்றார் ராவி நாராயண ரெட்டி. நிறுத்தினால் நாளையே நிலம் போய்விடும் என்றார்கள் மற்றத் தோழர்கள். இரண்டு பக்கமும் உயிரைப் பணயம் வைத்தவர்கள்; இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு பெரிய ராணுவத்தின் முன்னால், காட்டுக்குள் தள்ளப்பட்டு, மூன்று வருஷம் கஷ்டப்பட்ட பிறகு 1951 அக்டோபர் 21-ந் தேதி போராட்டம் வாபஸ் வாங்கப்பட்டது. அதற்குள் நம் தோழர்கள் எத்தனையோ பேர் காட்டில் காய்ச்சலில் செத்தார்கள், பிடிபட்டுச் சுடப்பட்டார்கள்.

அப்படியானால் எல்லாம் போய்விட்டதா? தோழர்களே, கணக்கைப் பாருங்கள். டாங்கி நிலத்தை முழுசாகத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பெருவாரியான ஊர்களில் வெட்டி திரும்பி வரவில்லை. தேஷ்முக்கு மறுபடி கடிக்குள் வந்து உட்கார்ந்தான்; ஆனால் வண்ணானைப் பார்த்து "இனாமாக வெளு" என்று சொல்ல நாக்கு எழவில்லை. 1949-ல் ஜாகீர் ஒழிப்புச் சட்டம் போட்டார்கள். 1950-ல் குத்தகைச் சட்டம் போட்டார்கள். சௌத்ரிக்குத் திடீரென்று ஏழை மேல் இரக்கம் பிறந்துவிட்டதா? 3,000 கிராமம் கேட்ட கேள்விக்கு டில்லி சொன்ன அரைப் பதில் அது. 1951 ஏப்ரல் 18-ல் வினோபா பாவே நல்கொண்டா ஜில்லா போச்சம்பள்ளிக்கு வந்து நின்று நிலம் தானம் கேட்டார். 100 ஏக்கர் கொடுத்தார்கள். பூதானம் ஏன் பீகாரிலோ குஜராத்திலோ முதலில் பிறக்கவில்லை, நல்கொண்டாவில் பிறந்தது? நிலப்பிரபுவின் கை தானத்துக்கு நீளும்படி அந்த மண்ணில் முன்னால் ஏதோ நடந்திருக்க வேண்டும் அல்லவா!

1952-ல் முதல் பொதுத் தேர்தல். நல்கொண்டாவில் நின்ற ராவி நாராயண ரெட்டிக்கு நேருவுக்குக் கிடைத்ததைவிட அதிக ஓட்டு. டாங்கியைப் பார்த்து மாலை போட்ட அதே கிராமங்கள்தான், நாலு வருஷம் கழித்து, ஓட்டுப் பெட்டிக்கு முன் வரிசையில் நின்றன.

ஐலம்மா 1985 வரை உயிரோடிருந்தாள். கோட்டி பெண்கள் பல்கலைக்கழகத்துக்கு 2024-ல் அவள் பெயரை வைத்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத வண்ணார் குலத்து அம்மாள் பெயர் இன்றைக்குப் பட்டப் படிப்புச் சான்றிதழில் அச்சாகிறது. நிலம்? பாலகுர்த்தியில் அவள் விடாமல் பிடித்த அந்த நாலு ஏக்கர். விஸ்னூர் தேஷ்முக்காலும் முடியவில்லை, ரஜாக்கராலும் முடியவில்லை, அதற்குப் பின் வந்தவர்களாலும் முடியவில்லை. அவள் கையிலேயே இருந்தது.

காலையில் கேட்ட வாலிபத் தோழர் ஷிப்டு முடிந்து வந்துவிட்டார், அதோ பின்வரிசையில் நிற்கிறார். தம்பி, டாங்கி வராவிட்டால் நிஜாம் போயிருப்பானா என்று கேட்டாய். எத்தனை நாளில் போயிருப்பான் என்று நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். நீ கேட்டதோடு இதையும் சேர்த்துக் கேள்: சங்கம் இல்லாமல் டாங்கி மட்டும் வந்திருந்தால், ஐலம்மாவின் கதிரை யார் வீட்டில் இறக்கியிருப்பார்கள்?

நேரமாகிவிட்டது. காட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் யானை இறங்குவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். ராகிக் காவலுக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். கூலித் தீர்மானத்தைப் படிக்க அடுத்த தோழரைக் கூப்பிடுகிறேன்.